மக்கள்தொகை ஏறுவதும் இறங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கள்தொகை பற்றிப் பேசப் போன இடங்களில் எல்லாம் எழுந்து நின்று கேட்பவர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஜனம் பெருகி உலகம் மூச்சுத் திணறப் போகிறது என்ற பயம். மீதிப் பேருக்குப் பிள்ளையே பிறக்காமல் ஊர் காலியாகிவிடும் என்ற பயம். தலைக்கணக்கை மட்டும் பார்ப்பதால் வரும் பயங்கள் இவை. எந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் பல குழப்பங்கள் தாமாகவே தெளியும். அதனால்தான் வயதைப் பற்றிய பேச்சு கீழே அடிக்கடி வருகிறது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. உலகத்துல இப்ப எத்தனை பேர் இருக்கோம்? இவ்வளவு கூட்டம் எப்பலேருந்து சேர்ந்துச்சு?

2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. சபை கணக்கிட்டது. மனிதன் தோன்றிய காலம் தொட்டு முதல் 100 கோடியை எட்டவே 1804 வாக்கில்தான் முடிந்தது. 200 கோடி ஆனது 1927-இல். பிறகு 1960-இல் 300, 1974-இல் 400, 1987-இல் 500, 1999-இல் 600, 2011-இல் 700 கோடி.

இந்த வரிசையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடைசி மூன்று 100 கோடிகளும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், பன்னிரண்டு, பதினோரு ஆண்டுகளில் சேர்ந்திருக்கின்றன. 500 கோடிப் பேருடன் பன்னிரண்டு ஆண்டில் 100 கோடி சேர்வதும், 700 கோடிப் பேருடன் பதினொன்றில் 100 கோடி சேர்வதும் ஒரே வேகம் ஆகாது. அடித்தளம் பெரிதாகிக்கொண்டே போக, சேர்வது மட்டும் அப்படியே நிற்கிறது. ஆண்டு வளர்ச்சி 1960-களில் 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. தொகை இன்னும் ஏறுகிறது, வேகம் அரை நூற்றாண்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

2. மருந்து மாத்திரை வந்ததாலதான் ஜனம் பெருகிடுச்சு, சரிதானே?

பாதி சரி. பெருக்கத்துக்குக் காரணம் சாவு குறைந்ததுதான், மக்கள் திடீரென்று அதிகமாகப் பெற்றுக்கொண்டதல்ல. ஆனால் சாவைக் குறைத்ததில் மருந்துக் கடைக்கு மட்டும் பெருமை சேராது. சுத்தமான குடிநீர், மூடிய சாக்கடை, சோப்பு, வயிறு நிறையச் சாப்பாடு, தடுப்பூசி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி, அந்த நோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வருவதற்கு முன்பே குறைந்துவிட்டது. காலங்காலமாகக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல்.

1950-இல் உலகச் சராசரி ஆயுள் 46 வயதை ஒட்டி இருந்தது. இன்று 73. இதை எல்லாரும் 46 வயதில் இறந்துபோனார்கள் என்று படிக்கக் கூடாது. ஏராளமான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்ததால் சராசரி தாழ்ந்து கிடந்தது. 1990-இல்கூட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஒன்றேகால் கோடிப் பேர் ஓராண்டில் இறந்தார்கள். 2022-இல் அது 50 லட்சத்துக்குக் கீழே வந்தது. மக்கள்தொகை பெருகியதைச் சாபம் போலப் பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நான் எடுத்து வைப்பேன். பெருக்கத்தின் பெரும்பகுதி, பெற்றவர்கள் புதைக்க வேண்டி வராத குழந்தைகள்.

3. சாவு குறைஞ்சா பிறப்பும் தானா குறையுதுங்கறாங்களே, அது எப்படி?

தானாக இல்லை, உடனேயும் இல்லை. முதலில் சாவு இறங்கும், சில பத்தாண்டுகள் கழித்துத்தான் பிறப்பு இறங்கும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் தொகை பொங்குகிறது. இந்த ஒழுங்கை அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர்களான வாரன் தாம்சன் 1929-இலும், பிறகு ஃபிராங்க் நோட்ஸ்டீன் 1945-இலும் எழுதி வைத்தார்கள். பாடப்புத்தகங்களில் வரும் மக்கள்தொகை மாற்றக் கோட்பாடு என்பது இதுதான்.

பிறப்பு இறங்குவதற்கு ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆறு பெற்றால் மூன்றுதான் தங்கும் என்று கண்ட தாய்க்கு ஆறு பெறுவது பேராசை அல்ல, காப்பீடு. தன் குழந்தைகளும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் பிழைத்து வளர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் காப்பீட்டை விட மனம் வரும். அதற்கு ஒரு தலைமுறை ஆகும். அடுத்து, ஏழு வயதில் வயலிலும் பட்டறையிலும் கைகொடுத்த பிள்ளை, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வரவிலிருந்து செலவுக்கு மாறுகிறது. ஐந்து பேரைக் கஞ்சி ஊற்றி வளர்க்கலாம், ஐந்து பேரைப் படிக்க வைப்பது கடினம். பென்ஷன், சேமிப்பு என்று வந்தால் முதுமைக்குப் பிள்ளை மட்டுமே ஊன்றுகோல் என்ற நிலையும் தளர்கிறது.

இவை எல்லாவற்றையும் விரைவுபடுத்துவது பெண் கல்வி. படித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப் போகிறது, சம்பாத்தியம் வருகிறது, வீட்டில் பேச்சு எடுபடுகிறது. கையில் கருத்தடைச் சாதனமும் கிடைத்துவிட்டால் விருப்பம் நடைமுறையாகிறது. ஐரோப்பா நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட இந்தப் பயணத்தை ஈரான் இருபது ஆண்டுக்குள் முடித்தது. 1980-களின் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் என்றிருந்தது, 2000-ஐ ஒட்டி இரண்டானது. கிராமந்தோறும் சுகாதார நிலையம், பெண்களுக்குப் பள்ளிக்கூடம், இலவசக் கருத்தடை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

4. கருவள வீதம் 2.1 இருக்கணும்னு சொல்றாங்க. அம்மா அப்பா ரெண்டு பேருக்கு ரெண்டு பிள்ளை போதாதா? அந்தப் புள்ளி ஒண்ணு எதுக்கு?

கருவள வீதம் என்பது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒரு தலைமுறையை அதே அளவுள்ள அடுத்த தலைமுறை ஈடுகட்ட அது 2.1 இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் புள்ளி ஒன்றுக்கு இரண்டு காரணங்கள். இயற்கையாகவே 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அடுத்த தலைமுறையைப் பெறப்போவது பெண்கள் என்பதால், ஒரு தாய்க்குப் பதில் ஒரு பெண் வர வேண்டுமானால் இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்க வேண்டும். பிறந்த பெண்கள் எல்லாரும் தாயாகும் வயது வரை பிழைப்பதும் இல்லை. குழந்தைச் சாவு அதிகமுள்ள நாடுகளில் இந்த ஈடுகட்டும் மட்டம் 2.5-ஐயும் தாண்டும். 2.1 என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான மந்திர எண் அல்ல.

கருவள வீதம் என்பதே ஓர் உத்தேசக் கணக்கு என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த ஆண்டு ஒவ்வொரு வயதுப் பெண்ணும் பெற்ற அளவை ஒரே பெண்ணின் வாழ்நாள் என்று பாவித்துக் கூட்டுகிறார்கள். இளம்பெண்கள் முதல் பிள்ளையை 23-லிருந்து 30-க்குத் தள்ளிப்போடும் காலத்தில் இந்த எண் உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும். வீதம் 1.3 என்று செய்தி வந்ததும் அந்நாட்டுப் பெண்கள் வாழ்நாளில் சராசரியாக அவ்வளவுதான் பெறுவார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

5. எல்லாரும் ஒண்ணு ரெண்டோட நிறுத்திட்டாங்க. அப்படியும் ஜனத்தொகை ஏறுதுன்னா கணக்குல ஏதோ தப்பு இருக்கு!

கணக்கில் தப்பு இல்லை. நான் அதிகம் கேட்ட கேள்வி இது, பதில் தெரிந்ததும் முகம் மலர்வதும் இந்தக் கேள்விக்குத்தான். ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 100 பெரியவர்கள், அவர்கள் பெற்ற 200 பிள்ளைகள், ஆக 300 பேர். முதியவர்கள் இன்னும் யாரும் இல்லை. இன்று முதல் எல்லாத் தம்பதிகளும் கச்சிதமாக இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துகிறார்கள், யாரும் அகாலத்தில் இறப்பதில்லை என்று வையுங்கள்.

ஒரு தலைமுறை கழித்து அந்த 200 பிள்ளைகளும் பெரியவர்கள் ஆகி 200 பிள்ளைகளைப் பெற்றிருப்பார்கள். பழைய 100 பேர் தாத்தா பாட்டியாக இருப்பார்கள். மொத்தம் 500. இன்னொரு தலைமுறை போனால் 200 முதியவர், 200 பெரியவர், 200 பிள்ளைகள், மொத்தம் 600. ஒரு தம்பதிகூட இரண்டுக்கு மேல் பெறவில்லை, ஆனாலும் ஊர் இரட்டிப்பாகிவிட்டது. முன்பே பிறந்துவிட்ட பெரிய தலைமுறை வயது ஏறி வருவதால் ஏற்படும் இந்த ஓட்டத்தை மக்கள்தொகை உந்தம் என்கிறார்கள். வேகமாக ஓடும் ரயில் பிரேக் போட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும்.

இந்தியாவில் 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் கருவள வீதம் 2.0. ஈடுகட்டும் மட்டத்துக்குக் கீழே வந்த பிறகும், 2023-இல் சீனாவைத் தாண்டி உலகிலேயே அதிக மக்கள் வாழும் நாடாக ஆனது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இந்த உந்தத்தால்தான்.

6. ஜனம் பெருகினா பஞ்சம் வரும்னு மால்தஸ் அப்பவே சொன்னாரே, அவர் சொன்னது பொய்யா?

1798-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் தாமஸ் மால்தஸ் சொன்னது, மக்கள் பெருக்கல் கணக்கிலும் உணவு கூட்டல் கணக்கிலும் வளரும் என்பது. அவருக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தியது. அவருக்குப் பிந்தைய நூற்றாண்டுகளை அவர் ஊகித்திருக்க முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்க வழி கண்ட ஃபிரிட்ஸ் ஹாபரும் கார்ல் போஷும், குட்டைக் கோதுமையைப் பரப்பி 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக்கும் அவர் கணக்கில் இல்லை. மக்கள் தாங்களாகவே பிள்ளைகளைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதும் இல்லை.

பஞ்சத்துக்கும் தலைக்கணக்குக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், தானியம் இருந்தும் வாங்கக் காசில்லாதவர்கள்தான் செத்தார்கள் என்று காட்டினார். அயர்லாந்துத் தீவில் 1841-இல் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். உருளைக்கிழங்கு நோயில் பஞ்சம் வந்தபோது உணவுப் பொருள்கள் அங்கிருந்து கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கடல் கடந்து போனார்கள். அந்தத் தீவு தன் பழைய எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை. அதற்காக மால்தஸை முழுக்க ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. நிலத்தடி நீரும் மேல்மண்ணும் எல்லை உள்ளவை என்ற அவருடைய கவலை, வேறு உருவத்தில் இன்றும் நியாயமானது.

7. படிச்ச பொண்ணுங்க வேலை வேலைன்னு பிள்ளை பெத்துக்க மாட்டேங்கறாங்க. அதுதானே காரணம்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்தான் கேட்டிருக்கிறார். மூன்றாம் பதிலில் சொன்னபடி, ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கியதில் பெண் கல்விக்குப் பெரும் பங்கு உண்டு, அதில் வருந்த எதுவும் இல்லை. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது வேறு கதை. பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில், இளைஞர்கள் விரும்பும் குழந்தைகள் இரண்டை ஒட்டியே இருக்கின்றன. பெற்றுக்கொள்வது அதைவிடக் குறைவு. விருப்பத்துக்கும் நடப்புக்கும் நடுவே ஏதோ குறுக்கே நிற்கிறது.

குறுக்கே நிற்பவை வீட்டு வாடகை, நிலையில்லாத வேலை, இரவு வரை நீளும் அலுவலகம், பிள்ளையின் படிப்புச் செலவு, வேலைக்குப் போய் வந்த பிறகும் பெண் தலையிலேயே விழும் வீட்டு வேலை. தென் கொரியாவில் 2023-இல் கருவள வீதம் 0.72. அங்கும் ஜப்பானிலும் திருமணத்துக்கு வெளியே குழந்தை பிறப்பது மிக அரிது, அதனால் திருமணம் குறைந்த கையோடு பிறப்பும் குறைகிறது. வீட்டு வேலையை ஆண்கள் பகிர்ந்துகொண்ட வடக்கு ஐரோப்பிய நாடுகளில், பெண்கள் அதிகம் வேலைக்குப் போயும், இத்தாலி, ஸ்பெயினைவிடக் கூடுதலாகப் பிள்ளைகள் பிறந்த காலம் நெடுநாள் இருந்தது. வேலைதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆனால் 2010-க்குப் பிறகு அங்கும் சரிவு. குழந்தைக் காப்பகமும் பெற்றோர் விடுப்பும் தாராளமாக உள்ள பின்லாந்தில் 2023-இல் வீதம் 1.26. வசதி செய்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்வதில்லை. துணை கிடைக்காமல் போவது, முதல் பிள்ளையே முப்பதுகளில் வருவதால் இரண்டாவதுக்குக் காலம் போதாமல் போவது இரண்டும் நான் நினைத்ததைவிடப் பெரிய காரணங்களாகத் தெரிகின்றன.

8. வயசானவங்க கூடுறது நல்ல விஷயம்தானே? எதுக்குப் பெரிய பிரச்சினை மாதிரி பேசறாங்க?

நீண்ட ஆயுள் நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாடு முதுமை அடைவது முதியவர்கள் நெடுநாள் வாழ்வதால் மட்டும் அல்ல, அதைவிடக் கூடுதலாக இளையவர்கள் குறைவாகப் பிறப்பதால். 2018-இல் உலக வரலாற்றில் முதல் முறையாக, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைவிட அதிகமானார்கள்.

பென்ஷனைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது, நாம் கட்டிய பணம் நமக்காக எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று. பல நாடுகளில் இன்று உழைப்பவர்கள் கட்டுவது இன்றைய முதியவர்களுக்கே போகிறது. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் பென்ஷன் கொண்டுவந்தபோது அது கிடைக்கும் வயது 70. அந்த வயதை எட்டியவர்களே கொஞ்சம். ஒரு முதியவருக்கு ஆறேழு பேர் கட்டும்வரை தெரியாத பாரம், இரண்டு பேர் கட்டும்போது தெரியும்.

பணத்தைவிடக் கைகள்தான் எனக்குப் பெரிய கவலை. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்க, மருந்தை எடுத்துக் கொடுக்க, பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். சீனாவில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்கள் இருவர் மணந்துகொண்டால், மேலே நான்கு பெற்றோர், கீழே ஒரு பிள்ளை, நடுவில் இந்த இருவர். அதை அங்கே நான்கு-இரண்டு-ஒன்று குடும்பம் என்றே சொல்கிறார்கள். ஜப்பானில் பத்தில் மூன்று பேருக்கு ஏறத்தாழ 65 வயதுக்கு மேல். 2024-இல் அங்கே பிறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் குறைவு, இறந்தவர்கள் 16 லட்சம். ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் 90 லட்சம்.

9. இளைஞர் கூட்டம் அதிகமா இருந்தா நாடு தானா முன்னேறிடுமா?

தானாக முன்னேறாது. பிறப்பு குறையத் தொடங்கிய பிறகு சில பத்தாண்டுகளுக்கு, தாங்க வேண்டிய குழந்தைகளும் முதியவர்களும் குறைவாகவும் உழைக்கும் வயதினர் அதிகமாகவும் இருப்பார்கள். ஐந்தாம் பதிலின் கிராமத்தில் 100 பேர் 200 பிள்ளைகளைத் தாங்கிய நிலை மாறி, 200 பேர் 200 பிள்ளைகளையும் 100 முதியவர்களையும் தாங்கும் காலம் அது. ஒருவருக்கு இரண்டு என்றிருந்த சுமை ஒன்றரையாகக் குறைகிறது. தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் மூன்றும் அந்தக் காலத்தைக் கல்வியாலும் தொழிற்சாலைகளாலும் பயன்படுத்திக்கொண்டன. படிப்பும் வேலையும் கொடுக்காத நாட்டில் அதே இளைஞர் கூட்டம் ஏமாற்றமாகத் திரளும். அந்தச் சன்னல் ஒரு முறைதான் திறக்கும், பிறகு 200 பேரும் முதியவர்கள் ஆவார்கள்.

10. ஆள் குறைஞ்சா வெளிநாட்டுலேருந்து கூட்டிக்கிட்டு வந்துடலாமே?

ஓரளவுக்கு முடியும். ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பு அதிகம், ஆனாலும் அன்றைவிட இன்று அங்கே மக்கள் அதிகம். காரணம் குடியேறியவர்கள். வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் வாழ்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டவர். ஆனால் உலக அளவில், பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024-இல் ஏறத்தாழ 30 கோடி, நூற்றில் நான்கு பேர்கூட இல்லை.

வந்தவர்களுக்கும் வயதாகும். ஒன்றிரண்டு தலைமுறையில் அவர்களுடைய குழந்தை எண்ணிக்கையும் வந்த நாட்டின் வழக்கத்தை நெருங்கிவிடும். ஆகவே இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை ஆகாது. அனுப்பிய நாட்டையும் யாராவது பார்க்க வேண்டும். பல்கேரியாவில் 1980-களின் முடிவில் 90 லட்சத்தை ஒட்டி இருந்த மக்கள் 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். இளைஞர்கள் வெளியேறியதும் குறைவாகப் பிறந்ததும் சேர்ந்து செய்தது அது. போனவர்களோடு அவர்கள் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளும் போகிறார்கள்.

11. கிராமம் எல்லாம் காலியாகுது, டவுன் பிதுங்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. 2007 வாக்கில் உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் ஆனார்கள். நகரத்தில் இடம் விலை, பிள்ளைக்கு வேலை இல்லை செலவுதான், பாட்டி பக்கத்தில் இல்லை. அதனால் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் நகரப் பெண்கள் கிராமப் பெண்களைவிடக் குறைவாகப் பெறுகிறார்கள். நாட்டின் தொகை குறையும்போதுகூடத் தலைநகரம் பெருத்துக்கொண்டே இருக்கலாம், ஜப்பான் அதற்குச் சாட்சி. பள்ளிக்கூடம் மூடிய கிராமத்தில் இளம் தம்பதி தங்காது, தம்பதி தங்காத ஊரில் அடுத்து பஸ் நின்றுபோகும்.

12. அரசாங்கம் கறாரா சட்டம் போட்டாத்தான் ஜனத்தொகை குறையும். சீனா அப்படித்தானே குறைச்சுது?

சீனாவில் 1970-ஐ ஒட்டி ஆறை நெருங்கியிருந்த வீதம், 1978-க்குள்ளேயே மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. ஒற்றைக் குழந்தைச் சட்டம் வந்தது அதற்குப் பிறகு. பெரிய சரிவு நடந்து முடிந்த பின்னால்தான் கொடிய சட்டம் வந்தது. 1970-களின் முயற்சியிலும் நெருக்குதல் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம், ஆனால் எல்லாம் சட்டத்தின் சாதனை என்பது சரியல்ல. சட்டத்தோடு பெண் சிசுவைக் கருவிலேயே கலைப்பதும் சேர்ந்துகொண்டது. 2000-களில் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 120-ஐ ஒட்டிய ஆண் குழந்தைகள் பிறந்தன. நான்காம் பதிலில் சொன்ன 105-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 முதல் இரண்டு, 2021 முதல் மூன்று பெறலாம் என்று தளர்த்தியும் பிறப்பு மீளவில்லை. 2022 முதல் மக்கள்தொகை குறைகிறது.

இந்தியாவில் 1975-77 நெருக்கடி நிலையின்போது நடந்த கட்டாயக் கருத்தடை, குடும்பநலத் திட்டத்தின் மீதே மக்களுக்கு அச்சத்தை உண்டாக்கிற்று. அடித்தட்டு மக்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். மறுபக்கம் வங்கதேசத்தைப் பாருங்கள். பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசி, கருத்தடைச் சாதனத்தைக் கையில் கொடுத்தார்கள். 1970-களில் ஆறுக்கு மேலிருந்த வீதம் 2011-இல் 2.3. மூன்றாம் பதிலில் ஈரானையும் பார்த்தோம். இவ்வளவுக்குப் பிறகும் கட்டாயத்தைப் பரிந்துரைப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

13. சரி, ஏத்தறதுக்காவது சட்டம் போடலாம்ல?

ருமேனியா போட்டது. 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்து, கருத்தடைச் சாதனங்களையும் கிடைக்காமல் செய்தார்கள். 1.9 ஆக இருந்த வீதம் அடுத்த ஆண்டே ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு மக்கள் வழி கண்டுபிடிக்க, வீதம் மறுபடி இறங்கியது. அந்த வழி பல பெண்களுக்குத் திருட்டுக் கருக்கலைப்பும் சாவும். ஐரோப்பாவிலேயே அதிகத் தாய்மார்கள் இறந்த நாடு அது. அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989 இறுதியில் தடை நீங்கிய அடுத்த ஆண்டில் பேறுகாலச் சாவு ஏறக்குறைய பாதியானது.

பணம் கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. ஹங்கேரியில் நான்கு பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுக்க வருமான வரி விலக்கு. 2011-இல் 1.2-ஐ ஒட்டி இருந்த வீதம் 2021-இல் 1.6-ஐத் தொட்டது, 2024-இல் 1.4-க்குக் கீழே திரும்பிவிட்டது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, எப்படியும் பெற நினைத்தவர்கள் சற்று முன்கூட்டியே பெற்றுக்கொண்டதால் வந்தது. நான்காம் பதிலின் இரண்டாம் பத்தி இங்கே உதவும்.

14. பூமி சூடாகறதுக்கு ஜனத்தொகைதானே மூலகாரணம்?

தலைகளை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றும். அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன்னை ஒட்டிய கார்பன் டை ஆக்சைடுக்குக் காரணமாகிறார். உலகிலேயே அதிகக் கருவள வீதம் உள்ள நாடுகளில் ஒன்றான நைஜரில் ஒருவருக்குக் கால் டன்கூட வராது. பிறப்பு அதிகம் உள்ள இடங்களும் புகை அதிகம் உள்ள இடங்களும் வேறு வேறு.

குடிநீர், காடு, மேய்ச்சல் நிலம் போன்ற உள்ளூர் வளங்களில் எண்ணிக்கைக்கு நேரடிப் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தட்பவெப்பத்துக்கு இருபது முப்பது ஆண்டுகளில் செய்ய வேண்டியதைப் பிறப்பைக் குறைத்துச் செய்ய முடியாது. ஐந்தாம் பதிலில் சொன்ன உந்தம் அதற்கு விடாது.

15. பெரிய போர், கொள்ளைநோய் வந்தா ஜனத்தொகை குறைஞ்சிடாதா?

கோவிட் காலத்து 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வழக்கமான அளவுக்கு மேல் நிகழ்ந்த சாவுகள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே இரண்டு ஆண்டுகளில் உலகில் பிறந்தவர்கள் 25 கோடிக்கு மேல். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோன பிளேக் போன்றவை விதிவிலக்கு. போரின் தழும்பு மொத்தத்தைவிட வயது வரிசையில்தான் அதிகம் தெரியும். இளம் ஆண்கள் இல்லாத ஒரு பள்ளம், போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளால் ஒரு மேடு. அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த அந்த மேடுதான் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறது.

16. 2100-ல இவ்வளவு பேர் இருப்பாங்கன்னு ஐ.நா. சொல்லுது. நாளைக்கு மழை வருமான்னே தெரியலை, இதை எப்படி நம்பறது?

அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தைரியமாக நம்பலாம். 2045-இல் தாயாகப் போகிற பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், அவர்களை எண்ணி முடித்தாயிற்று. அதற்கு அப்பால் எல்லாம், இன்னும் பிறக்காத பெண்கள் எத்தனை பெறுவார்கள் என்ற ஊகம். 2015-இல் ஐ.நா., நூற்றாண்டு முடிவிலும் தொகை ஏறிக்கொண்டே 1,100 கோடியைத் தாண்டும் என்றது. 2024-இல் அதே ஐ.நா., 2080-களின் நடுவில் 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும் என்கிறது. ஒன்பதே ஆண்டில் இவ்வளவு மாற்றம். பல நாடுகளில் பிறப்பு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்ததுதான் காரணம்.

இனிச் சேரப்போகிற கூட்டத்தில் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். நைஜரில் பாதிப் பேர் 16 வயதுகூட நிரம்பாதவர்கள், ஜப்பானில் பாதிப் பேர் 48-ஐத் தாண்டியவர்கள். ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஓர் எண்தான் கேட்கலாம் என்றால், இந்த நடு வயதைத்தான் நான் கேட்பேன்.

17. ஜனம் குறைஞ்சா நல்லதுதானே? எல்லாருக்கும் வேலை, வீடு, காத்து, தண்ணி தாராளமா கிடைக்குமே!

வேலை என்பது கையிருப்புச் சரக்கு அல்ல, ஆள் குறைந்தால் மிச்சம் ஆவதற்கு. ஒவ்வொருவரும் வேலை செய்பவராக இருக்கும்போதே அடுத்தவருக்கு வேலை தருபவராகவும் இருக்கிறார். சோறும் துணியும் முடிவெட்டும் வேண்டிய ஆள்கள் போனால் அந்த வேலைகளும் போகும். வீடு மலிவாகலாம், ஆனால் மலிவாகும் வீடு வேலை இல்லாத ஊரில் இருக்கும். பதினொன்றாம் பதிலில் சொன்ன ஊர் அது.

எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே இங்கு முக்கியம். நான்காம் பதிலின் 2.1-ஐ ஈடுகட்டும் மட்டமாக வைத்துப் பார்த்தால், வீதம் 1.8 என்றால் 100 பேர் கொண்ட தலைமுறைக்கு அடுத்து 86 பேர், அதற்கடுத்து 73. இதை ஒரு நாடு தாங்கிக்கொள்ளும். ஓய்வு வயதைக் கொஞ்சம் தள்ளி, இயந்திரங்களைப் பெருக்கி, வெளியிலிருந்து சிலரைச் சேர்த்து, நிலத்துக்கும் நீருக்கும் ஓய்வு கொடுத்து நன்றாகவே வாழலாம். 0.72 என்றால் 100 பேருக்கு அடுத்து 34, அதற்கடுத்து 12. இங்கே ஐந்தாம் பதிலின் உந்தம் திரும்பி ஓடும். பின்னால் வருபவர்கள் மனம் மாறி ஆளுக்கு இரண்டு பெற்றாலும், பெறுவதற்கு இருப்பவர்கள் அந்த 12 பேரில் பாதிப் பெண்கள்தான்.